மிதக்கும் ஆக்ஸோலோட்டல்: நோயறிதலும் நோய் தீர்த்தலும்

நீரில் வாழும் ஓர் உயிர் நீரின்மேல் மிதந்தால் அதனை நோய் என்று கூறலாமா என்னும் வினா எழுவது இயல்பே. மீன் மேலே வருகிறது, தவளை மிதக்கிறது, அவற்றை நோயுற்றவை என்று யாரும் கருதுவதில்லை. ஆனால், ஆக்ஸோலோட்டல் என்னும் உயிரோ நீரின் அடித்தரையில் ஊர்ந்து வாழும் இயல்பினது. அது மேலே மிதந்து, கீழே இறங்க முயன்றும் இயலாமல் தவிக்குமாயின், அதன் உடலிலோ அது வாழும் நீரிலோ ஏதோ ஒரு குறை நேர்ந்துள்ளது என்று கொள்ளல் வேண்டும். அக்குறையை அறியும் வழியும் நீக்கும் வழியும் யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

பிறப்பிடமும் இயல்பும்

ஆக்ஸோலோட்டல், சலமாந்தர் இனத்தைச் சேர்ந்த நீர்நில வாழ்வன வகையினது. மெக்ஸிகோ நகரை அடுத்த ஸோச்சிமில்கோ, சால்கோ என்னும் ஏரிகளே இதன் தாயகம். இப்பெயர் அந்நாட்டுப் பழங்குடி மக்களின் நாவாட்டில் மொழிச் சொல். அதன் முற்பகுதி நீரையும், பிற்பகுதி ஷோலோட்டல் என்னும் தெய்வத்தையும் குறிக்கும் என்பர்.

தவளையின் தலைப்பிரட்டை வளர்ந்து, செவுளை இழந்து, தரையேறுகிறது. ஆக்ஸோலோட்டல் அவ்வாறு மாறுவதில்லை. இளம்பருவ வடிவத்திலேயே முதிர்ந்து இனம் பெருக்குகிறது. 1864-ஆம் ஆண்டில் இவ்வுயிர்கள் சில பாரிஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. துமேரில் என்னும் அறிஞர் அவற்றை வளர்த்தார். அடுத்த ஆண்டில் பிறந்த குஞ்சுகளுள் சில செவுள் நீங்கித் தரைவாழ் சலமாந்தராக மாறின. ஆக்ஸோலோட்டல் உருமாறாது நின்றுவிட்ட ஓர் உயிர் என்பது அதனால் புலனாயிற்று.

இவ்வரலாற்றில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஆக்ஸோலோட்டலுக்குத் தலையின் இருபுறமும் மும்மூன்று இறகுபோன்ற செவுள்கள் உள்ளன. அவற்றோடு நுரையீரலும் உண்டு. தோலாலும் அது மூச்சு விடுகிறது. செவுளும் தோலும் நீரிலுள்ள பிராணவாயுவை ஏற்கின்றன. அது போதாதபோது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிச் செல்கிறது. மிதத்தல் பற்றிய செய்திகளுட் பல இங்கிருந்தே தொடங்குகின்றன.

மிதப்பது எதனால்?

தன் பருமனளவு நீரைவிடக் கனமான பொருள் மூழ்கும். இலேசான பொருள் மிதக்கும். ஆக்ஸோலோட்டலின் உடல் நீரினும் சிறிதே கனமானது. ஆகவே, உடலினுள் சற்றுக் காற்று மிகுந்தாலும் அது மேலெழும்பிவிடும். மீன்களுக்குள்ள காற்றுப்பை இதற்கு இல்லை. எனவே, மீன்களுக்குக் கூறும் காற்றுப்பை நோயை இதற்கும் கூறுவது பொருந்தாது. இதன் உடலில் காற்று மிகக்கூடிய இடங்கள் மூன்று: நுரையீரல், குடல், உடற்குழி.

உணவைப் பாய்ந்து விழுங்கும்போதோ மேலே வந்து மூச்சு வாங்கும்போதோ மிகுதியான காற்று உட்புகுதல் முதல் வகை. குடலில் உணவு தங்கிப் புளித்து வாயு உண்டாதல் இரண்டாம் வகை. மிகையுணவு, மலச்சிக்கல், விழுங்கிய கூழாங்கல் ஆகியன இதற்குக் காரணமாகும். நுரையீரல் புண்பட்டு, அதிலிருந்து கசிந்த காற்று உடற்குழியில் தேங்குதல் மூன்றாம் வகை. இஃது அரிது, ஆயினும் கொடியது.

இவற்றுள் முதலிரண்டையும் தூண்டுவது பெரும்பாலும் வெப்பமே. வெந்நீரில் பிராணவாயு குறைவாகக் கரையும். வெப்பம் ஏற ஏற உயிரின் தேவையோ மிகும். ஆதலின் அது அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குகிறது. அதே வெப்பம் குடலிலுள்ள உணவையும் விரைவிற் புளிக்கச் செய்கிறது.

நோயறியும் முறை

முதலில் காண வேண்டுவது, அது விரும்பியபோது கீழே இறங்குகிறதா என்பதே. மண்புழு ஒன்றை அடியில் இட்டுப் பார்க்கலாம். உடனே இறங்கி உண்டு, அங்கேயே தங்குமாயின் அது விளையாட்டாக மிதந்ததேயன்றி நோயன்று. குஞ்சுகள் காற்றை விழுங்கிச் சில மணி நேரம் மிதப்பதும் உண்டு. அது தானே நீங்கிவிடும்.

இரண்டாவது, உடலின் எப்பகுதி மேலே நிற்கிறது என்பது. வாற்பக்கம் உயர்ந்து, வயிறு பருத்து, சில நாட்களாக மலம் கழியாதிருந்தால் குடல் வாயு எனக் கருதலாம். மார்புப் பகுதி உயர்ந்தோ உடல் ஒரு பக்கம் சாய்ந்தோ மிதந்தால் நுரையீரலையோ உடற்குழியையோ ஐயுற வேண்டும். முட்டை நிறைந்த பெண் உயிரின் வயிறு இயல்பாகவே பருத்திருக்கும். அதனை நோயென்று மயங்கலாகாது.

மூன்றாவது, நீரின் நிலை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் இருத்தலாகாது. நைட்ரேட் பத்து இலட்சத்தில் 20 பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். புதிய தொட்டிகளில் கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் இன்னும் பெருகியிராமையால் அம்மோனியா தேங்குகிறது. செவுள்கள் முன்னோக்கி வளைதலும் வால் நுனி சுருளுதலும் அவ்வுயிர் துன்புறுவதன் அறிகுறிகள்.

செய்ய வேண்டுவன

நீரின் வெப்பம் 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருத்தல் வேண்டும். 24 பாகைக்கு மேற்பட்டால் தீங்கு விளையும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அறையில் வைத்த நீர் பெரும்பாலும் அவ்வெல்லையைத் தாண்டிவிடும். விசிறியால் சில பாகையே குறையும். ஆகவே குளிரூட்டும் கருவி இன்றியமையாதது. எனினும், பனிக்கட்டியை இட்டு ஒரேயடியாகக் குளிர்விக்கலாகாது. பல மணி நேரத்தில் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

அடுத்து, அவ்வுயிரைத் தனிக்கலத்தில், குளோரின் நீக்கிய தூய நீரில் இடுக. முதுகு மூழ்குமளவே நீர் இருந்தால் போதும். கால்கள் தரையைத் தொடுவதால் இறங்கப் போராடிக் களைப்பது நின்றுவிடும், தோலும் உலராது. அதே வெப்பமுள்ள புதுநீரை நாள்தோறும் மாற்றுக. கலத்தை மூடி, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைக்க. வளர்ந்த உயிராயின் இரண்டு மூன்று நாட்கள் உணவை நிறுத்துக. எளிய குடல் வாயுவாயின் மலம் கழிந்ததும் மிதத்தல் நீங்கும்.

குளிர்ப்பெட்டியில் 5 முதல் 8 பாகை வரையில் வைப்பதும் ஒரு முறையாகக் கூறப்படுகிறது. அது மலம் கழியத் துணைசெய்யலாம். ஆயினும், மெலிந்த உயிருக்குக் கேடும் விளைவிக்கக்கூடும். மருத்துவரின் சொற்படியன்றி அதனை மேற்கொள்ளுதல் தகாது.

மிதத்தல் சில நாட்களில் தீராவிடினும், உடல் வீங்கினும், தோல் சிவப்பினும், செவுள்கள் சுருங்கினும், உணவை அடியோடு மறுத்தாலும், விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்க. எக்ஸ்ரே படத்தில் கூழாங்கல்லும் தேங்கிய காற்றும் தெரியும். உடற்குழிக் காற்றை ஊசியால் அகற்றுவது அவர் ஒருவருக்கே உரிய பணி.

செய்யத் தகாதன

வயிற்றைப் பிசைதல், வீட்டில் ஊசியாற் குத்துதல், கல்லை வைத்து அமுக்குதல் ஆகியவை உயிரையே போக்கிவிடும். காரணம் அறியாமல் கிருமி கொல்லும் மருந்துகளை நீரில் இடுதலும் தீது; மெல்லிய தோல் எதனையும் உறிஞ்சிவிடும். உப்புநீர்க் குளியல் பூஞ்சைக்குப் பயன்படுவதேயன்றி வாயுவைத் தீர்ப்பதன்று.

வருமுன் காத்தல் எளிது. ஆக்ஸோலோட்டல் வாயைத் திறந்து இரையை நீரோடு உறிஞ்சி விழுங்குவது. அடியில் கூழாங்கல் இருப்பின் அதுவும் உடன் செல்லும். எனவே, வெறுந்தரையோ மிக மெல்லிய மணலோதான் ஏற்றது. மிதக்கும் உணவை விடுத்து மூழ்கும் உணவையும் மண்புழுவையும் இடுக. வளர்ந்த உயிருக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை உணவு போதும். எஞ்சியதை உடனே எடுத்துவிடுக.

தாயகத்தில் இவ்வுயிர் மறையும் நிலையில் உள்ளது. சால்கோ ஏரி வற்றடிக்கப்பட்டது. ஸோச்சிமில்கோவில் வாய்க்கால்களே எஞ்சின; அவற்றிலும் கழிவுநீர் கலந்தது; புகுத்தப்பட்ட கெண்டை, திலாப்பியா மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 என மதிப்பிடப்பட்ட தொகை, 2014-இல் 36 அளவிற்குச் சுருங்கியது. இன்று உலகிலுள்ளவற்றுட் பெரும்பாலானவை தொட்டிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வாழ்பவையே. குளிர்ந்த மலைநாட்டு ஏரிக்குரிய உயிர், இன்று தன் நீரின் தூய்மைக்கும் தண்மைக்கும் மனிதன் கையையே நம்பியிருக்கிறது. மிதத்தல் என்பது தனி நோயன்று. ஏதோ ஒரு குறையின் அடையாளம். அதனைக் கண்டவுடன் மருந்தைத் தேடாமல் முதலில் வெப்பமானியைப் பார்ப்பவரே அவ்வுயிரை நன்கு காப்பவர் ஆவர்.