பழைய பொறியும் புதிய பயனும்

வீட்டின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணிப்பொறியைக் காணுந்தோறும், அதனை எடைக்குப் போட்டுவிடலாம் என்றே பலரும் எண்ணுவர். ஆயின் கணிப்பொறி ஒற்றைப் பொருளன்று. கழற்றவும் பூட்டவும் கூடிய உறுப்புகளின் தொகுதியாகும். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் அமைப்பு விளக்கத்தையும் நூலாக அச்சிட்டு விற்றனர். அதனால் பிறரும் அதற்குப் பொருந்தும் உறுப்புகளைச் செய்யலாயினர். ஒரு பொறியின் உறுப்பை மற்றொன்றில் பூட்டும் வழக்கம் இவ்வாறு பரவிற்று.

அங்ஙனமாயின், எல்லா உறுப்புகளும் எல்லாப் பொறிகளுக்கும் பொருந்துமோ? பொருந்தா. பொருத்தத்தை வரையறுப்பது இணைப்பின் அமைப்பேயாம். ராம் எனப்படும் நினைவகப் பலகையை நோக்குக. அதன் அடிவிளிம்பில் பொன்னிறப் பற்களுக்கிடையே சிறு வெட்டு ஒன்று காணப்படும். டி.டி.ஆர்.3 வகையில் இவ்வெட்டு ஓரிடத்தும், டி.டி.ஆர்.4 வகையில் சற்றே விலகி வேறிடத்தும் அமைந்துள்ளது. முன்னது 1.5 வோல்ட் மின்னழுத்தத்திலும், பின்னது 1.2 வோல்ட்டிலும் இயங்கும். ஒன்றற்குரிய இடத்தில் மற்றொன்றைத் தவறியும் செருகாதபடி காப்பதே அவ்வெட்டின் தொழில். ஆதலின், செருகும்போது தடை தோன்றினால் வலிந்து அழுத்துதல் கூடாது. தடுப்பதற்கன்றோ அது வைக்கப்பட்டிருக்கிறது!

ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டின் நிலை வேறு. 2003ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்த சாட்டா இணைப்பு இன்றைய மேசைக் கணிப்பொறிகளிலும் உண்டு. எனவே, பதினைந்து ஆண்டு முதிர்ந்த வன்தட்டையும் புதிய பொறியில் பூட்டலாம். ஆயினும், சுழலும் தகடுகளையும் அவற்றின்மேல் நகரும் முனையையும் உடைய அது தேயும் இயல்பினது; முன்னறிவிப்பின்றியே ஒருநாள் நின்றுவிடக்கூடும். குடும்பத்தின் நிழற்படங்கள் அதில் மட்டுமே இருப்பின், அவற்றை மீட்டல் அரிதாகிவிடும். ஆகவே, கழற்றியவுடன் செய்யவேண்டுவது அவற்றை வேறிடத்தில் படியெடுத்தலே. பின்னர் அத்தட்டை இரண்டாம் படி வைக்கும் இடமாகக் கொள்ளலாம். இயக்க மென்பொருளை அசையும் உறுப்புகள் அற்ற எஸ்.எஸ்.டி.யில் நிறுவுதல் நன்று. பழைய பொறிக்கே இதனைப் பூட்டினும் அதன் விரைவு வியக்கத்தக்க அளவில் உயரும். விலை கொடுத்து வாங்கத்தக்க உறுப்பு ஒன்றே எனின், அஃது இதுவே என்பேன்.

1995ஆம் ஆண்டில் ஏ.டி.எக்ஸ். அளவுமுறை தோன்றிய பின்னர்த் தாய்ப்பலகையின் திருகுத் துளைகள் பெரிதும் மாறாமையால், பழைய பெட்டியும் பெரும்பாலும் பயன்படும். அஞ்சத்தக்கது மின்சாரம் வழங்கும் பகுதியே. அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் நாளடைவில் திறன் குன்றும். பழுதுற்றால் பிற உறுப்புகளையும் கெடுக்கக்கூடும். மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆதலின் அப்பகுதியை மாணவர் திறத்தல் ஆகாது. புதியது வாங்குதலே தக்கது.

இன்னொன்று. தொடங்கும்போதெல்லாம் நாள் தவறிக் காட்டிப் பிழைச்செய்தியுடன் நின்றுவிடும் பொறிகள் சில உண்டு. அவற்றிற் பலவற்றின் குறை, தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்தமையே. சி.ஆர்.2032 என்னும் அம்மின்கலம் கைக்கடிகாரக் கடைகளிலும் குறைந்த விலையில் கிடைக்கும். எடைக்குப் போடுமுன் அதனை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம்.