உலைக்களத்தில் மாங்கனீசு

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் இரும்பின் பெயரால் ‘அல்ஹதீத்’ என வழங்குகிறது. அந்த இரும்பு உறுதியான எஃகாவதற்கு ஓர் உற்ற துணை வேண்டும். அத்துணையே மாங்கனீசு. அதன் தாது கடும் வெப்பத்தில் எவ்வாறு மாறுகிறது என்பதை அறிந்தால், எஃகில் அதன் பணியும் இனிது விளங்கும்.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் பாலாகாட், மகாராஷ்டிரத்து நாகபுரி முதலிய மாவட்டங்களில் இத்தாது அகழ்ந்தெடுக்கப்படுகிறது. தாதுக்களுள் ஒன்றான பைரோலுசைட்டில் ஒரு மாங்கனீசு அணுவுடன் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இணைந்துள்ளன. காற்றில் சூடாக்கினால், ஏறத்தாழ 550 பாகை செல்சியசில் அது தன் ஆக்சிஜனில் நான்கில் ஒரு பங்கை விடுகிறது. 900 பாகையைக் கடந்ததும் இன்னும் சிறிது விடுகிறது. உலையில் எழும் கார்பன் மோனாக்சைடு வாயு மேலும் சிறிது கவர்ந்துகொள்ள, ஓரணுவுக்கு ஓரணு என இணைந்த பச்சை நிற ஆக்சைடு எஞ்சுகிறது.

இதுவரை எளிது. எஞ்சிய ஆக்சிஜனை மாங்கனீசு எளிதில் விடுவதில்லை. இரும்பு ஆக்சைடை உலோகமாக்கிவிடும் அதே வாயு இதனிடம் தோற்றுப்போகிறது. ஏறத்தாழ 1400 பாகைக்கு மேல் கரியே நேரடியாக வினைபுரிந்தால்தான் உலோகம் பிரியும். அப்போதும் ஒரு பகுதி கசடில் கரைந்து நின்றுவிடும். வெப்பம் அளவு மீறினாலோ, உலோகம் ஆவியாகி வீணாகும். ஆதலின் இதனை உருக்குவோர் வெப்பத்தையும் கசடையும் ஒருசேரக் காத்தல் வேண்டும். மின்னுலையில் இவ்வாறு இரும்போடு கலந்து பெறப்படுவதே ஃபெரோமாங்கனீசு.

இந்தப் பிடிவாதமே எஃகுக்கு அரணாகிறது. உருகிய எஃகில் தங்கும் ஆக்சிஜனை மாங்கனீசு பற்றிக்கொண்டு கசடாக மாறுகிறது. கந்தகத்தையும் அவ்வாறே பற்றுகிறது. மாங்கனீசு இல்லையேல், கந்தகம் இரும்போடு கூடி, 988 பாகையிலேயே உருகும் மென்படலமாக மணிகளின் இடையே பரவும். செந்தழலில் உருட்டும்போது எஃகு விரிசல் காணும். மாங்கனீசு சல்பைடோ 1600 பாகை வரை உருகாது, எஃகும் பிளவாது.

பெஸ்ஸிமர் முறையில் வடித்த எஃகு நொறுங்கிய நாளில், 1856இல் இங்கிலாந்தின் இராபர்ட் மூசெட் மாங்கனீசு செறிந்த வார்ப்பிரும்பைச் சேர்த்து அக்குறையைத் தீர்த்தார். இன்றும் இப்பணியில் மாங்கனீசுக்கு நிறைவான மாற்று இல்லை. உலைக்கு எளிதில் பணியாத அக்குணமே தண்டவாளத்தையும் பாலத்தையும், அவற்றை நம்பிச் செல்லும் உயிர்களையும் காக்கிறது.