‘பக்கத்துல’ன்னா எவ்வளவு பக்கத்துல?

‘பேங்க் பக்கத்துலதான் வீடு’ என்கிறோம். ஒட்டிய கட்டடமாகவும் இருக்கலாம், நாலு தெரு தள்ளியும் இருக்கலாம். தமிழில் கேட்பவர் ஊகித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் அதற்கு வெவ்வேறு வார்த்தைகள்.

‘நெக்ஸ்ட் டு த பேங்க்’ என்றால் பேங்கை அடுத்தாற்போல், இடையில் வேறு கட்டடம் இல்லாமல். ‘நியர் த பேங்க்’ என்றால் அந்த வட்டாரத்தில் எங்கேயோ. வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ ஆம்புலன்ஸை அழைத்து இதை மாற்றிச் சொன்னால், டிரைவர் பேங்க் வாசலில் நின்று தேடிக்கொண்டிருப்பார்.

இடத்தைச் சொல்லும்போது ‘நியர்’ என்பதோடு ‘டு’ வேண்டாம். ‘நியர் டு த பேங்க்’ என்று நம்மில் பலர் சொல்வது பழக்கதோஷம். ‘க்ளோஸ்’ அப்படியல்ல. ‘க்ளோஸ் டு த பேங்க்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

‘நியர்பை’ தனிக்கட்டை. ‘ஐ லிவ் நியர்பை’ என்றால் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். ‘நியர்பை த பேங்க்’ என்று பின்னால் இடத்தைச் சேர்க்கக் கூடாது.

‘பிசைட் மீ’ என்றால் என் பக்கத்தில். கடைசியில் ஒரு ‘ஸ்’ சேர்ந்து ‘பிசைட்ஸ் மீ’ ஆனால், என்னைத் தவிர!

அதிகம் கவனிக்க வேண்டியது ‘நியர்லி’. இது தூரத்தைச் சொல்வதில்லை. நம் ‘கிட்ட’, ‘கிட்டத்தட்ட’ ஆன மாதிரிதான் இதுவும். டாக்டரிடம் ‘அம்மா நியர்லி ஃபெல்’ என்றால், விழப் பார்த்தார், ஆனால் விழவில்லை. நிஜமாகவே விழுந்திருந்தால் ‘ஃபெல்’ மட்டும் போதும். எக்ஸ்ரே எடுப்பதா வேண்டாமா என்பதே அந்த ஒரு வார்த்தையால் மாறிப்போகலாம்.