பூட்டிய பள்ளி, நிற்காத பாடம்

பள்ளிக்கூடத்துக்கு நான்கு நாள் விடுமுறை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதே விடுமுறை ஒரு வருடத்துக்கு மேல் நீண்டால் என்ன ஆகும்? படித்தது மறந்து போகும். சில பிள்ளைகள் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். சில பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். பிறகு பள்ளி திறந்தாலும் அவர்கள் திரும்பி வருவது கடினம்.

2020ஆம் ஆண்டில் நம் நாட்டுக்கு இப்படி ஒரு நிலை வந்தது. கொரோனா என்ற தொற்றுநோய் பரவியது. பலர் ஒரே அறையில் நெருங்கி உட்கார்ந்தால் அந்த நோய் எளிதாகப் பரவும். அதனால் மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது.

அந்தக் காலத்தில் கேரள மாநிலத்தில் பாடம் நிற்கவில்லை. அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகள் பாடத்தை வீட்டுக்கு எப்படிக் கொண்டு போயின? அதைப் பார்ப்போம்.

டி.வி.யில் வகுப்பு

கேரள அரசிடம் கல்விக்கென்றே ஒரு டி.வி. சேனல் உண்டு. அதன் பெயர் விக்டர்ஸ். 2005ஆம் ஆண்டில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதைத் தொடங்கி வைத்தார். இப்போது அந்த சேனல் கை கொடுத்தது.

கேரளத்தில் வழக்கமாக ஜூன் முதல் நாள் பள்ளி திறக்கும். 2020 ஜூன் 1 அன்று பள்ளிக் கதவு திறக்கவில்லை. ஆனால் டி.வி.யில் வகுப்பு தொடங்கியது. அதற்கு 'ஃபர்ஸ்ட் பெல்' என்று பெயர் வைத்தார்கள். முதல் மணி என்று பொருள்.

ஒரு பாடம் அரை மணி நேரம். தொடக்க நாட்களில் பத்தாம் வகுப்புக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் பாடம் நடந்தது. இவ்வளவு குறைவாக ஏன்? சேனல் ஒன்றுதான். பல வகுப்புகளுக்கு அதில் இடம் வேண்டும். மேலும், பிள்ளை நாள் முழுதும் டி.வி. முன்னால் உட்கார முடியாது. கண்ணும் மனமும் சோர்ந்து போகும். முதல் நாட்களை வெள்ளோட்டமாக வைத்து, அந்தப் பாடங்களையே மறுபடியும் காட்டினார்கள். தவறவிட்ட பிள்ளைகள் பார்த்துக்கொள்ள அது உதவியது.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தமிழிலும் பாடங்கள் தயாராயின.

யார் வீட்டில் என்ன இருக்கிறது?

பாடம் தயார். ஆனால் அது எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேருமா? அரசு கணக்கெடுத்துப் பார்த்தது. சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகளின் வீட்டில் டி.வி.யும் இல்லை, இணைய வசதியும் இல்லை. அவர்களை விட்டுவிட்டால் இருப்பவர் வீட்டுப் பிள்ளை முன்னே போகும். இல்லாதவர் வீட்டுப் பிள்ளை பின்தங்கும்.

இங்கேதான் பள்ளியின் வேலை தொடங்குகிறது. வகுப்பு ஆசிரியர் பெயர்ப்பட்டியலை எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்கிறார். வீட்டில் டி.வி. உண்டா? அது ஓடுகிறதா? செல்போன் யாருடையது? அது எந்த நேரம் வீட்டில் இருக்கும்? சிக்னல் கிடைக்கிறதா? போனே இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் மூலம் சொல்லி அனுப்புகிறார்.

இந்தக் கேள்விகள் சின்னவை. ஆனால் பலன் பெரிது. பல வீடுகளில் ஒரே ஒரு செல்போன்தான் இருக்கும். அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போவார். இரவு ஏழு மணிக்குத்தான் போன் வீடு திரும்பும். இது தெரிந்த ஆசிரியர், வீட்டுப்பாடத்தைப் பகலில் கேட்க மாட்டார். இரவில் அனுப்பச் சொல்வார்.

டி.வி. இல்லாத பிள்ளைகளுக்காக ஊர்தோறும் பொதுப் படிப்பு மையங்கள் வந்தன. கிராம நூலகம், அங்கன்வாடி, சமூகக் கூடம் ஆகிய இடங்களில் டி.வி. வைத்தார்கள். பிள்ளைகள் முகக்கவசம் போட்டு, இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். 'குடும்பஸ்ரீ' என்ற பெண்கள் அமைப்பும் இதற்கு உதவியது.

வயநாடு, அட்டப்பாடி போன்ற மலைப் பகுதிகளில் சிக்கல் இன்னும் பெரிது. பல ஊர்களில் சிக்னல் கிடைக்காது. அங்கே பாடத்தை மடிக்கணினியில் பதிந்து எடுத்துப் போய்க் காட்டினார்கள். பழங்குடி மக்களின் வீட்டுமொழி வேறு, பாடமொழி வேறு. அந்தச் சமூகத்திலிருந்தே வந்த ஆசிரியர்கள் பாடத்தை அவர்கள் மொழியில் விளக்கினார்கள்.

டி.வி.க்குக் காது இல்லை

டி.வி. பேசும், ஆனால் கேட்காது. பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? தன் சொந்த ஆசிரியரிடம்தான். அதற்காக வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு அமைத்தார்கள்.

டி.வி. பாடம் முடிந்ததும் ஆசிரியர் குழுவில் கேள்விகளை அனுப்புவார். பிள்ளை நோட்டில் பதில் எழுதும். அதைப் படம் பிடித்து அனுப்பும். ஆசிரியர் பார்த்துத் தவறைத் திருத்துவார். சாதாரண போன் வைத்திருப்பவர்களிடம் பேசியே சந்தேகம் தீர்ப்பார். இரண்டு மூன்று நாள் பதில் வராத பிள்ளையின் வீட்டுக்கு உடனே போன் போக வேண்டும். அந்தப் பிள்ளைதான் கை நழுவிப் போகக்கூடிய பிள்ளை.

படிப்போடு வயிறும் முக்கியம். பள்ளி மூடினால் மதிய உணவும் நின்றுவிடும். அதனால் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு அரிசியும் மளிகைச் சாமான்களும் கொடுத்தார்கள்.

இத்தனை செய்தும் எல்லாம் கைகூடவில்லை. ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க வேண்டியதை டி.வி.யில் பார்த்தால் போதாது. வகுப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே 'இவனுக்குப் புரியவில்லை' என்று ஆசிரியர் கண்டுபிடிப்பார். போனில் அது முடியாது. அதனால்தான் 2021 ஜனவரி 1 முதல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதத்துடன், பகுதி பகுதியாகப் பள்ளிக்கு வரவழைத்துச் சந்தேகங்களைத் தீர்த்தார்கள். 2021 நவம்பர் 1 முதல் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தன.

நாம் என்ன செய்யலாம்?

கொரோனாவுக்கு மட்டும் அல்ல, வெள்ளத்துக்கும் புயலுக்கும்கூடப் பள்ளி மூடும். அப்போது பெற்றோருக்கும் வேலை உண்டு. அதற்குக் கணக்கும் அறிவியலும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பாட நேரத்தில் பிள்ளைக்கு வேறு வேலை சொல்லாதீர்கள். மகனுக்குப் போனும் மகளுக்குத் துடைப்பமும் என்று பிரிக்காதீர்கள். இரவில் நோட்டை வாங்கிப் பாருங்கள். இன்றைய தேதி இருக்கிறதா? 'இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்' என்று கேளுங்கள். பிள்ளை உங்களுக்குச் சொல்லும்போது அதற்கே பாடம் தெளிவாகும்.

வீட்டில் டி.வி. இல்லை, போன் இல்லை என்றால் வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் வழி பிறக்கும்.

பள்ளியை வீட்டுக்குக் கொண்டுவர டி.வி. வேண்டும், போன் வேண்டும். அவற்றுக்கும் முன்னால் வேண்டியது ஒரு பெயர்ப்பட்டியல். அதில் ஒரு பெயரும் விட்டுப் போகக் கூடாது.

கலந்து பேசுவோம்

1. நம் ஊர்ப் பள்ளி ஒரு மாதம் மூடினால், எந்தெந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கிடைக்காது?

2. பிள்ளைகள் கூடிப் படிக்க நம் ஊரில் எந்த இடம் உண்டு? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

3. உங்கள் பிள்ளையின் வகுப்பு ஆசிரியர் பெயர் என்ன? அவருடைய போன் எண் உங்களிடம் உண்டா? இன்றே நோட்டில் எழுதி வையுங்கள்.