உங்களுக்குத் தெரியுமா? வைட்டமின் சி மாத்திரை: அளவோடு சாப்பிட வேண்டியது

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்காமலே கிடைக்கிறது. ஆரஞ்சு வாசனையோடு இனிக்கிறது. அதனாலேயே இது மருந்து என்ற நினைப்பு பலருக்கு வருவதில்லை. வைட்டமின் சி மாத்திரைக்கும் அளவு உண்டு, சேராத ஆட்களும் உண்டு. வீட்டில் அந்த அட்டை இருந்தால், கையில் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

● நம் நாட்டில் வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கடைகளில் அதிகம் விற்பதோ 500 மில்லிகிராம் மாத்திரை. ஒன்று போட்டாலே ஆறு நாள் தேவைக்கு மேல் உள்ளே போய்விடுகிறது.

● ஆடும் மாடும் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தங்கள் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கும் குரங்குகளுக்கும் கினிப் பன்றிக்கும் அந்தத் திறன் இல்லை. நமக்கு அது தினமும் சாப்பாட்டில்தான் வந்தாக வேண்டும்.

● இந்த வைட்டமின் அறவே இல்லாமல் போனால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், பழைய காயம்கூட மறுபடி திறக்கும். அதுதான் ஸ்கர்வி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், போருக்குப் போக மறுத்த இளைஞர்கள் தாங்களாக முன்வந்து இதற்கான சோதனைக்கு உட்பட்டார்கள். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் கொடுத்ததிலேயே ஸ்கர்வி குணமானது.

● இரண்டு மடங்கு சாப்பிட்டால் இரண்டு மடங்கு பலன் கிடைக்காது. ஒரு நாளைக்கு 30 முதல் 180 மில்லிகிராம் வரை சாப்பிடும்போது குடல் அதில் 70 முதல் 90 சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்கிறது. 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் பாதிகூட உள்ளே போவதில்லை. உள்ளே போனதிலும் மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுகிறது.

● பெரியவர்களுக்கு உச்ச வரம்பு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் என்று அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டும்போது முதலில் வயிறுதான் சொல்லும். உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் வைட்டமின் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு, குமட்டல் வரும். பலருக்கு அளவைக் குறைத்தாலே சரியாகிவிடும்.

● குழந்தைகளுக்கு வரம்பே வேறு. 1 முதல் 3 வயது வரை 400 மில்லிகிராம், 4 முதல் 8 வயது வரை 650 மில்லிகிராம்; இவை அதே அமெரிக்கக் கணக்கு. இரண்டு வயதுக் குழந்தை ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரையைத் தின்றாலும் அன்றைய வரம்பைத் தாண்டிவிடும். மிட்டாய் போல இனிக்கும் மாத்திரையைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ‘மிட்டாய்’ என்று சொல்லிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

● இரண்டு முறை நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் 1970இல் எழுதிய நூல்தான், சளிக்கு வைட்டமின் சி என்ற நம்பிக்கையை உலகம் முழுக்கப் பரப்பியது. பிறகு நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கை வேறு விதமாகச் சொல்கிறது. தினமும் சாப்பிட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை. பிடித்த சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் குறைகிறது. ஐந்து நாள் சளி என்றால் அரை நாள்கூட மிச்சமில்லை. மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு மாத்திரையைத் தொடங்குவதில் உறுதியான பலன் தெரியவில்லை.

● கொரோனா காலத்தில் வைட்டமின் சியும் துத்தநாக மாத்திரையும் இல்லாத வீடு குறைவு. வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற நோயாளிகளுக்கு அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 8,000 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அறிகுறிகள் குறிப்பிடும்படி சீக்கிரம் குறையவில்லை என்று 2021இல் முடிவு வெளியானது.

● சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். உடலில் சேரும் வைட்டமின் சியின் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரில் வெளியேறுகிறது. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. ஸ்வீடனில் 23,000க்கும் மேற்பட்ட ஆண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2013இல் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அங்கே விற்ற மாத்திரை பெரும்பாலும் 1,000 மில்லிகிராம். ஒரு தடவை கல் வந்திருந்தாலும், சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

● ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் சி நல்ல துணை. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் வடிவத்துக்கு அது மாற்றித் தருகிறது. சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சை பிழிந்த சாலட்டோ இருந்தாலும் இந்த வேலை நடந்துவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பலன் குறையும்.

● அதே குணம்தான் வேறு சிலருக்கு ஆபத்து. தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள், பரம்பரையாக உடலில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஏற்கெனவே இரும்பு மிகுதி. இவர்கள் தாங்களாக வைட்டமின் சி மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

● முகம் ‘பளிச்’ ஆக வேண்டும் என்று சில அழகு நிலையங்களில் வைட்டமின் சியை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். வாய் வழியாகப் போனால் குடல் ஓர் அளவுக்கு மேல் விடாது. ஊசியில் அந்தத் தடை இல்லாததால் ரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறிவிடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அப்போது சிவப்பணுக்கள் உடைந்துபோகும். ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் செயலிழந்தவர்களும் உண்டு. மருத்துவக் காரணமும் முன்பரிசோதனையும் இல்லாமல் இந்த ஊசிக்குக் கை நீட்டாதீர்கள்.

● சர்க்கரை நோயாளிகளே, வைட்டமின் சி அதிகமானால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும், குறிப்பாக ஊசி வழியாக ஏற்றியிருக்கும்போது. கையில் ஒட்டிக்கொள்ளும் சில சென்சார் கருவிகளின் கையேட்டில், ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிட்டாலே அளவு தவறலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது. இல்லாத சர்க்கரைக்கு இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

● மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கசிகிறதா என்று பார்க்கும் பழைய வகைச் சோதனையில், வைட்டமின் சி முடிவை மாற்றிவிடும். ரத்தம் இருந்தும் இல்லை என்று காட்டும். சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்தே 250 மில்லிகிராமுக்கு மேல் சாப்பிடாமல் இருக்கச் சொல்வது இதனால்தான்.

● அலுமினியம் கலந்த அசிடிட்டி மருந்தோடு வைட்டமின் சியைச் சேர்த்துச் சாப்பிட்டால் உடலில் ஏறும் அலுமினியம் கூடும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இது கெடுதல்.

● தண்ணீரில் போட்டதும் நுரைத்துப் பொங்கிக் கரையும் மாத்திரையில் அந்த நுரைக்காகவே சோடியம் உப்பு சேர்க்கிறார்கள். ஒரு மாத்திரையில் 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உள்ளவையும் உண்டு. ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்கள் அதைவிட விழுங்கும் மாத்திரையையே கேட்டு வாங்கலாம்.

● சப்பிச் சாப்பிடும் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பழக்கம் நல்லதல்ல. அமிலம் ஒரே இடத்தில் ஊறி அங்குள்ள பல் எனாமலை அரிக்கும். மென்று முடித்ததும் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்காமல் அரை மணி நேரமாவது பொறுங்கள்.

● விழுங்கும் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் தள்ளிவிட்டு அப்படியே படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகும். முழு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்காருங்கள். வயிறு எரிந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்.

● அட்டையைப் பிரித்ததும் மாத்திரையில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? ஈரமும் காற்றும் பட்டு வைட்டமின் சிதைந்திருக்கிறது. அடுப்படி அலமாரியும் குளியலறையும் இதை வைக்கும் இடமல்ல; வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். நிறம் மாறியதைத் தூக்கிப் போடுங்கள்.

● காலையில் மல்டிவைட்டமின், மதியம் வைட்டமின் சி கலந்த இரும்பு மாத்திரை, மாலையில் சத்து பானம், இரவில் துத்தநாகத்தோடு சேர்ந்த மாத்திரை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வைட்டமின் சி இருக்கலாம். லேபிளில் ‘அஸ்கார்பிக் அமிலம்’, ‘சோடியம் அஸ்கார்பேட்’ என்று இருப்பதும் இதே சத்துதான். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

● நல்ல கொய்யா 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. நெல்லிக்காயும் குடைமிளகாயும் அதே வரிசையில் நிற்பவை. காயை நறுக்கிய பிறகு தண்ணீரில் ஊற வைத்தாலும், நெடுநேரம் கொதிக்க வைத்தாலும் சத்து கரைந்து வீணாகும், கழுவிவிட்டு நறுக்குங்கள். தினமும் ஒரு பழம் சாப்பிடும் ஆரோக்கியமானவருக்கு மாத்திரைக்கு அவசியமே இல்லை. புகைபிடிப்பவர்களுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும். அதையும் பழத்திலேயே ஈடுகட்டலாம்.

● ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று டாக்டர் கேட்கும்போது பிரஷர், சுகர் மாத்திரைகளைச் சொல்லிவிட்டு, சத்து மாத்திரையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும் இதை மறைக்கவே கூடாது. அடுத்த முறை போகும்போது அந்த அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். எவ்வளவு, எத்தனை நாள், வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் உடம்பைப் பார்த்து அவர் சொல்லட்டும்.