ஏரிச் சேற்றின் சாட்சி

நியாய ஸ்தலத்தில் சாட்சி என்ன சொன்னான் என்பது மட்டும் போதாது. அவன் எவ்வாறு கூண்டிற்குக் கொண்டுவரப்பட்டான் என்பதையும் விசாரிப்பது முறை. பூர்வகாலத்துச் சீதோஷ்ண நிலைக்குச் சாட்சியாக நிற்கும் பூச்சிகள் விஷயத்திலும் அத்தகைய விசாரணை அவசியமென்றே கருதுகிறோம்.

காற்றுப் புகாத சேற்றில் பூச்சியின் மிருதுவான உடல் அழிந்துபோகும். கைட்டின் என்னும் பொருளாலான மேலோடோ பல்லாயிரம் வருஷங்கள் கெடாதிருக்கும். அதைச் சேதமின்றிப் பிரித்தெடுப்பதே சாஸ்திரிகளின் கடமை.

வண்டுகளைப் பிரிக்கும் முறையை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரஸ்ஸல் கூப் முதலியோர் பிரபலப்படுத்தினர். சேற்றை நீரில் கரைத்து, 0.3 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் அலசுவர். தங்கிய மண்டியில் நீரை வடித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கலப்பர். மிகுந்த எண்ணெயை வடித்தபின் குளிர்ந்த நீரைக் கொட்டினால், எண்ணெய் பற்றிய ஓடுகள் மிதக்கும். தாவரத் துணுக்குகளில் பெரும்பகுதி அடியில் தங்கும். மிதந்தவற்றைச் சவுக்காரத்தால் கழுவி, ஸ்பிரிட்டில் இட்டு, மைக்ராஸ்கோப்பின் கீழ் பொறுக்கியெடுப்பர். விளக்கெரிக்கும் எண்ணெயின் மகிமைதான் என்னே! இன்று திபேத்துப் பீடபூமியில் வாழும் ஒரு சாணவண்டு பனியுக இங்கிலாந்திலும் வாழ்ந்தது என்பதைக் கூப் 1973-ல் வெளியிட்டார். வண்டினம் மாறவில்லை; குளிரைத் தொடர்ந்து இடம் பெயர்ந்தது.

கொசுவைப் போன்ற, ஆனால் கடியாத கைரானமிட் ஈக்களின் புழுக்கள் ஏரிகளின் அடியில் வாழ்பவை. குளிர்ந்த ஏரிக்கு ஓரினம், வெதுவெதுப்பான ஏரிக்கு வேறோரினம். அவற்றின் தலையோடுகள் மிக நுண்ணியவை. ஆதலால் சேற்றைப் பத்து சதவிகிதப் பொட்டாஷ் காரநீரில் இளஞ்சூடாக வைத்துக் கரைத்து, சுமார் 0.1 மி.மீ. சல்லடையில் அலசி, மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவர். ஒரு மாதிரியிலிருந்து குறைந்தது 50 தலைகளேனும் வேண்டுமென்பது பல ஆராய்ச்சியாளரின் கொள்கை.

இங்கேதான் அபாயம் இருக்கிறது. சல்லடைக் கண் பெரிதானால் சிறிய தலைகள் ஓடிவிடும். அவற்றோடு அவற்றின் சாட்சியமும் ஓடிவிடும். காரம் மிஞ்சினால் ஓடு சிதையும். பொறுக்குபவர் பெரியவற்றையே நாடினால் எஞ்சுவது பாதி உண்மையே. இன்று உலகம் எவ்வளவு வெப்பமடைந்துள்ளது என்னும் வழக்கில் பழைய வெப்பநிலையே அளவுகோலாக நிற்பதால், அலசுபவர் கையிலேயே தீர்ப்பும் ஓரளவு அடங்கியிருக்கிறது.

ஆகவே நேயர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. சாஸ்திரத்தை நம்புங்கள், ஆனால் சல்லடையின் கண்ணளவையும் எண்ணிய தலைகளின் தொகையையும் கூறாத முடிவை, குறுக்கு விசாரணையின்றி ஏற்காதீர்கள்.