ரூன்: ஒரு கணினி விளையாட்டும் வடபுலப் பழங்கதையும்

'ரூன்' என்னும் கணினி விளையாட்டு 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. அதாவது, அது என்னைவிட மூத்தது. காக்காவின் பழைய கணினியில் கிடந்த அதை இந்த விடுமுறையில் மறுபடியும் விளையாடிப் பார்த்தேன். சிறு வயதில் வாள்வீச்சு மட்டுந்தான் கண்ணில் பட்டது. இம்முறை கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

இதை ஆக்கியது அமெரிக்காவின் ஹியூமன் ஹெட் ஸ்டூடியோஸ் நிறுவனம். ஸ்கண்டிநேவிய மக்களின் பழைய எழுத்துக்கு ரூன் என்று பெயர். அவ்வெழுத்துப் பொறித்த மந்திரக் கற்கள்தான் லோகி என்ற வஞ்சகனைக் கட்டி வைத்திருக்கின்றன. கொன்ராக் என்பவன் அவற்றை அழித்து அவனை விடுவிக்கப் பார்க்கிறான். தடுக்கப் போன ராக்னார் என்ற இளம் வீரன் கப்பலோடு கடலில் மூழ்குகிறான். ஓடின் அவனை எழுப்பிவிட, பாதாளத்திலிருந்து மேலே வருவதற்கு அவன் படும் பாடுதான் விளையாட்டு. துப்பாக்கி கிடையாது, வாள், கோடரி, சம்மட்டிதான். காயம் ஆற வேண்டுமானால் அகப்பட்டதைத் தின்ன வேண்டும், பல்லி உட்பட! வெட்டுண்ட கையையே எடுத்து ஆயுதமாக வீசலாம் என்பதால், தம்பி தங்கையர் பக்கத்தில் இருக்கும்போது திறக்க வேண்டாம் தோழியரே.

"இந்தத் தெய்வக் கதையெல்லாம் நமக்கு என்னத்துக்கு மகள்?" என்று உம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இவ்விதழை வாசிக்கும் பல பெற்றோரும் அதையே கேட்பார்கள்.

இக்கதைகளில் பெரும்பகுதியை நமக்கு எழுதித் தந்தவர் ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஸ்னோரி ஸ்டுர்லுசன். அவர் ஓடினை வணங்கியவர் அல்லர், கிறிஸ்தவர். அந்நாடு கிறிஸ்தவத்தை ஏற்று ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின், 1220ஆம் ஆண்டளவில் அவர் 'எட்டா' என்ற நூலை எழுதினார். காரணம் கவிதை. நம் இலக்கணத்தில் அன்மொழித்தொகை படிக்கிறோமல்லவா? 'பொற்றொடி வந்தாள்' என்றால் வந்தது வளையல் அல்ல, அதை அணிந்த பெண். அவர்களும் அதுபோலச் சுற்றி வளைத்துத்தான் பாடினார்கள். பொன்னுக்கு 'சிஃபின் கூந்தல்' என்று பெயர். தோரின் மனைவி சிஃபின் கூந்தலை லோகி கத்தரித்ததும், அதற்கு ஈடாகக் குள்ளர்கள் பொன்னாலே கூந்தல் செய்து கொடுத்ததும் தெரியாதவருக்கு அந்தப் பாட்டு விளங்காது. கதை மறந்தால் மொழியும் ஊமையாகிவிடும் என்றுதான் ஸ்னோரி பயந்தார்.

நம்மிடமும் இது புதிதல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசராக இருந்த மு.மு. இஸ்மாயீல் கம்பனை ஆழ்ந்து கற்றுப் பல நூல்கள் எழுதினார். ஆங்கிலத்தில் புதன்கிழமையின் பெயரை எழுதும்போது நாமே ஓடினின் பெயரைத்தான் எழுதுகிறோம். உம்மாவிடம் இதைச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். வேறுதான், ஆனாலும் அறிவதும் வணங்குவதும் ஒன்றல்ல என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

விளையாட்டு காட்டாத ஒன்றை நமக்குக் காட்டுபவர் ஒரு முஸ்லிம். பக்தாதிலிருந்து கலீபா அல்-முக்ததிரின் தூதுக்குழுவில் 921இல் புறப்பட்ட இப்னு பழ்லான், வொல்கா நதிக்கரையில் 'ரூஸ்' வணிகரைக் கண்டார். அவர்கள் ஸ்கண்டிநேவிய வழியினர் என்பதே பெரும்பாலான அறிஞரின் கருத்து. பேரீச்ச மரம்போல் உயர்ந்த உடல் என்று வியந்த அவரே, அவர்களின் அசுத்தத்தை ஒளிவுமறைவின்றி எழுதினார். ஒரு தலைவன் இறந்தபோது அவனைக் கப்பலில் வைத்து எரித்ததையும் நேரில் பார்த்தார். அவனோடு ஓர் அடிமைப் பெண்ணும் கொல்லப்பட்டாள். அவள் அலறல் கேட்டால் மற்றப் பெண்கள் பயந்து மறுத்துவிடுவார்கள் என்று, வெளியே நின்ற ஆண்கள் கேடயங்களைத் தடியால் தட்டி ஓசை எழுப்பினார்களாம்.

ரூனில் கேடயம் உண்டு, கப்பல் உண்டு, வீரனின் மரணமும் உண்டு. அந்தப் பெண் இல்லை. அவளை நான் இப்னு பழ்லானின் குறிப்பில்தான் சந்தித்தேன். ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்தேன். அரபு படிக்கும் சகோதரியர் மூலத்தையே வாசிக்கலாம், அது நீண்ட நூலன்று.